நிரலாளர் சந்தாவும் அலுவலகக் கணினியும்

மென்பொருள் எழுதுவோருக்கென்று தனியே விற்கப்படும் சந்தாக்கள் ஒரு தலைமுறைக்கும் மேலாகக் கணினித் தொழிலில் வழங்கிவருகின்றன. மைக்ரோசாப்ட் நிறுவனம் 1992ஆம் ஆண்டில் எம்எஸ்டிஎன் என்ற சுருக்கப்பெயரில் தொடங்கிய திட்டம் இவற்றுள் பலரும் அறிந்த ஒன்று. ஆவணங்களையும் கருவிகளையும் குறுந்தட்டுகளில் அனுப்பிவைக்கும் ஏற்பாடாக முதலில் இருந்த அது, பின்னாளில் விஷுவல் ஸ்டுடியோ சந்தா என்று பெயர் மாறி, விண்டோஸ் இயங்குதளத்தின் பல பதிப்புகள், விண்டோஸ் சர்வர், தரவுகளைச் சேமித்து நிர்வகிக்கும் எஸ்க்யூஎல் சர்வர், நிரல் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டுடியோ எனப் பலவற்றையும் ஒரே கட்டணத்தில் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள இடமளிக்கிறது. தனித்தனியே வாங்கினால் பெருந்தொகை பிடிக்கும் இம்மென்பொருள்கள் ஒரு சந்தாவுக்குள் அடங்கிக் கிடைப்பதற்குக் காரணம், தன் தளத்தின்மேல் பிறர் நிரல் எழுதினால்தான் அத்தளம் விலைபோகும் என்னும் வணிகக் கணக்காகும். அக்கணக்கே சலுகைக்கு எல்லையையும் வகுத்திருக்கிறது: சந்தாவின்வழிப் பெற்ற மென்பொருளைக் கொண்டு நிரல்களை வடிவமைக்கலாம், உருவாக்கலாம், சோதிக்கலாம், பிறருக்குச் செய்துகாட்டலாம், அதற்குமேல் அனுமதி இல்லை.

படிப்பதற்கு எளிதாயிருக்கும் இவ்விதி, அலுவலக மேசையில் அன்றாடம் இயங்கும் கணினிக்குப் பொருத்தப்படும்போது பெரும்பாலான நிறுவனங்கள் எதிர்பாராத விளைவுகளைத் தருகிறது. அவ்விளைவுகளை விளங்கிக்கொள்வதற்கு முன், உரிமம் என்பதன் தன்மையைச் சுருக்கமாகவேனும் அறிவது நலம். அச்சு நூலை விலைகொடுத்து வாங்கியவர் அதை எங்கே, எதற்காகப் படிக்கிறார் என்று பதிப்பாளர் கேட்பதில்லை. மென்பொருளிலோ பணம் கொடுத்தவருக்குக் கிடைப்பது, குறித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஒரு படியை நிறுவி இயக்குவதற்கான அனுமதி மட்டுமே. அமெரிக்காவின் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் வெர்னர், ஆட்டோடெஸ்க் வழக்கில், உரிமத்தின்கீழ் ஆட்டோகேட் மென்பொருளைப் பெற்றவர் அப்படியின் உரிமையாளர் அல்லர், உரிமம் பெற்றவர் மட்டுமே என்று தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012இல் யூஸ்டுசாஃப்ட், ஆரக்கிள் வழக்கில், காலவரையற்ற உரிமத்துடன் இறக்கிக்கொண்ட படியை மறுவிற்பனை செய்யலாம் என்று வேறு திசையில் சென்றது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டமோ, உரிமத்தின் நிபந்தனைகளுக்கு மாறாகப் பயன்படுத்துவதையும் தன் 51ஆம் பிரிவிலேயே உரிமை மீறல் என்று வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. எனவே சென்னையிலோ கோவையிலோ உள்ள ஓர் அலுவலகத்தில், முறையாகப் பணம் கட்டிப் பெற்ற மென்பொருளேகூட, நிபந்தனைக்குப் புறம்பான வேலைக்கு ஆளப்பட்டால் திருட்டுப் படிக்கு இணையான நிலைக்குப் போய்விடக்கூடும்.

நிரலாளர் சந்தாவின் நிபந்தனைகளுள் மிகக் குறைவாக அறியப்பட்டதும் மிகுதியாக மீறப்படுவதும் நிரலாளரின் சொந்த மேசைக் கணினியைப் பற்றியதாகும். ஒரு நிறுவனம் இயங்குதளம் எதுவும் இல்லாத வெற்றுக் கணினிகளைக் குறைந்த விலையில் வாங்கி, அல்லது உதிரிபாகங்களை இணைத்துத் தானே உருவாக்கி, சந்தாவில் கிடைத்த விண்டோஸை அவற்றில் நிறுவி, நிரலாளர்களிடம் ஒப்படைக்கிறது என்று கொள்வோம். அக்கணினியில் அவர்கள் நாள்முழுதும் நிரல் எழுதுவார்கள். இடையே மின்னஞ்சல் பார்ப்பார்கள், விடுப்பு விண்ணப்பம் தட்டச்சு செய்வார்கள், வேலைநேர அட்டவணையை நிரப்புவார்கள், காணொளிக் கூட்டங்களில் கலந்துகொள்வார்கள். மைக்ரோசாப்ட் வெளியிட்ட உரிம விளக்கக் கையேடு இதைக் கலப்புப் பயன்பாடு என்று வகைப்படுத்தி, மின்னஞ்சல், விளையாட்டு, ஆவணம் திருத்துதல் ஆகியவற்றையே எடுத்துக்காட்டுகளாகக் கூறி, இவை சந்தா உரிமத்துக்குள் அடங்கா என்றும், இத்தகைய கணினியின் அடிப்படை இயங்குதளத்துக்குச் சாதாரண உரிமம் தனியே இருக்கவேண்டும் என்றும் தெளிவுபடுத்தியிருக்கிறது. செய்யப்படும் செயல் அலுவலகப் பணியா, சொந்தக் காரியமா என்பது இங்கே கேள்வியே அன்று. அது நிரலை உருவாக்குவதிலும் சோதிப்பதிலும் சேருமா சேராதா என்பதே கேள்வி.

இதன் பொருள், நிரலாளரின் கணினியில் சந்தா மென்பொருளே இருக்கக்கூடாது என்பதன்று. கணினியைத் தயாரித்த நிறுவனமே பொருத்தி அனுப்பிய விண்டோஸுடன் வந்த மடிக்கணினியில், விஷுவல் ஸ்டுடியோவை நிறுவி நிரல் எழுதுவதற்கும், எஸ்க்யூஎல் சர்வரை நிறுவிச் சோதிப்பதற்கும் சந்தா முழு இடம் தருகிறது; ஏனெனில் அக்கருவிகள் நிரலாக்கத்துக்கே ஆளப்படுகின்றன. அதே மடிக்கணினிக்குள் மெய்நிகர் இயந்திரம் ஒன்றை, அதாவது மென்பொருளாலேயே அமைக்கப்பட்ட இன்னொரு கணினியை, உருவாக்கி, அதில் சந்தாவின் விண்டோஸை நிறுவிச் சோதனைகள் நடத்தினாலும் தவறில்லை. தடை விழுவது எல்லாவற்றுக்கும் அடியில் இருந்து எல்லா வேலைகளையும் தாங்கும் அந்த முதல் இயங்குதளத்தின்மீதே ஆகும்.

வெற்றுக் கணினிகளை வாங்கிவிட்ட நிறுவனங்கள் பின்னர் இதை அறிந்து திருத்த முற்படும்போது மற்றுமொரு சிக்கல் எழுகிறது. மைக்ரோசாப்ட் பெருநிறுவனங்களுக்கு விற்கும் மொத்த உரிமங்களில் விண்டோஸுக்கானது மேம்படுத்தும் உரிமம் மட்டுமே. தகுதியான ஓர் இயங்குதளத்துக்கு ஏற்கெனவே முழு உரிமம் பெற்ற கணினிக்குமேல்தான் அது செல்லுபடியாகும். அடியில் ஒன்றுமில்லாத கணினிக்கு மொத்த உரிமத்தை மட்டும் வாங்கிப் போட்டால் கணக்கு நேராகாது. ஆகவே கணினி வாங்கும்போது சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக இயங்குதளத்தைத் தவிர்ப்பது, நிரலாளர் சந்தா கையில் இருக்கும் நிறுவனங்களுக்கு ஏற்படும் இயல்பான சபலமாகவும், கடைசியில் மிகுந்த செலவு வைக்கும் முடிவாகவும் அமைகிறது.

இத்தவறு நெடுங்காலம் கண்ணுக்குத் தெரியாமலே இருப்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. சந்தாதாரருக்கு வழங்கப்படும் திறவு எண்கள் மென்பொருளை முழுமையாகச் செயல்படுத்திவிடுகின்றன. மின்னஞ்சலைத் திறக்கும்போது அது தடுப்பதில்லை, எச்சரிக்கை எதுவும் காட்டுவதில்லை. நிறுவ முடிகிறது என்பதனாலேயே அனுமதி இருக்கிறது என்று எண்ணுவது இத்துறையில் பரவியுள்ள பெரும் மயக்கம் ஆகும். எல்லை வகுப்பது உரிம ஆவணம்; இயந்திரம் அதைக் காவல் காப்பதில்லை.

அடுத்த முக்கிய எல்லை, அலுவலகங்களில் புரொடக்‌ஷன் என்று வழங்கும் நேரடிப் பயன்பாடு பற்றியது. உருவாக்கிய நிரலை அதன் உண்மையான பயனர்கள் தம் உண்மையான வேலைக்கு ஆளத் தொடங்கும் இடமே நேரடிப் பயன்பாட்டுச் சூழல் என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் மைக்ரோசாப்ட்டின் விளக்கம் இதைவிட விரிவானது. நேரடிப் பயன்பாட்டில் உள்ள தரவுத்தளத்தோடு இணையும் சூழலும், பேரிடர்க் காலத்தில் கைகொடுக்கவோ காப்புப்படி எடுக்கவோ வைக்கப்பட்டுள்ள சூழலும், கூட்டம் மிகும் நாள்களில் மட்டும் துணைக்குச் சேர்த்துக்கொள்ளப்படும் சோதனைச் சேவையகமும் அதனுள் அடங்கும். பண்டிகைக்கால விற்பனையின்போது இணையக் கடையின் சுமை தாங்காமல், சும்மா கிடக்கும் சோதனைச் சேவையகத்தை ஒரு வாரத்துக்கு மட்டும் களத்தில் இறக்குவது இக்கட்டான நேரத்தில் எவருக்கும் தோன்றும் யோசனைதான். உரிமத்தின் பார்வையில் அச்சேவையகத்தின் ஒவ்வொரு மென்பொருளுக்கும் அந்த ஒரு வாரத்துக்காகவே முழுக் கட்டண உரிமம் தேவைப்படுகிறது. மேகக் கணிமைச் சேவையான அஸூரில் சந்தாதாரர்களுக்கு மாதந்தோறும் வழங்கப்படும் இலவசத் தொகையும் உருவாக்கத்துக்கும் சோதனைக்கும் மட்டுமே உரியது. பயனர்களே நிரலை ஏற்றுக்கொள்வதற்கு முன் பார்த்துச் சொல்லும் ஏற்புச் சோதனைக்கு மட்டும் விலக்கு உண்டு. அச்சோதனையில் ஈடுபடும் பயனர்களுக்குச் சந்தா தேவையில்லை.

யாருக்குச் சந்தா வேண்டும் என்ற கேள்விக்கு விடை, கணினிகளை எண்ணிப் பார்ப்பதில் இல்லை, மனிதர்களை எண்ணிப் பார்ப்பதில் இருக்கிறது. இவ்வுரிமம் ஆளுக்கு ஒன்று என்ற கணக்கில் அமைந்தது. சந்தா பெற்றவர் அலுவலகத்திலும், வீட்டிலும், வாடிக்கையாளர் இடத்திலும் எத்தனை கருவிகளில் வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளலாம். ஆனால் அவர் நிறுவிய சோதனைச் சேவையகத்தில் சந்தா இல்லாத சோதனையாளர் ஒருவர் நுழைந்து வேலை செய்தால் எல்லை கடக்கப்படுகிறது. குழுவில் பத்துப் பேர் இருக்க, மூன்று சந்தாக்களை வாங்கி அனைவரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது செல்லாது. ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்குச் சந்தாவை மாற்றலாம் என்றாலும், விதிவிலக்கான சூழல்கள் தவிர, முன்பு ஒதுக்கி 90 நாள்கள் கழிந்திருக்கவேண்டும். சந்தா அலுவலகத்தின் பெயரில் வாங்கப்பட்டதாயின் அது அலுவலகத்துக்கே உரியது. வேலையை விட்டுச் செல்பவர் வீட்டுக் கணினியில் நிறுவியிருந்தவற்றையும் சேர்த்துக் கைவிட்டாக வேண்டும்.

சந்தா முடிந்தபின் என்ன ஆகும் என்பது அது எவ்வழியில் வாங்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. மரபுமுறைச் சந்தாக்கள் பலவற்றில், காலம் முடியுமுன் பெற்ற பதிப்புகளை அதே நிபந்தனைகளோடு தொடர்ந்து பயன்படுத்தும் நிலையான உரிமை உண்டு. மாதக் கட்டணத்தில் மேகக் கணிமைவழி வாங்குவனவற்றில் அவ்வுரிமை இல்லை. கட்டணம் நின்ற அன்றே பயன்பாடும் நிற்கவேண்டும்.

கட்டணமில்லாமல் கிடைக்கும் நிரலாளர் பதிப்புகளில் கவனக்குறைவு இன்னும் மிகுதி. இலவசம் என்ற சொல்லைக் கண்டதும் நிபந்தனைகளைப் படிக்கும் பழக்கம் நின்றுவிடுகிறது. எஸ்க்யூஎல் சர்வரின் டெவலப்பர் பதிப்பு 2016 முதல் இலவசமாக வழங்கப்படுகிறது. மிக விலையுயர்ந்த என்டர்பிரைஸ் பதிப்பின் வசதிகள் அனைத்தும் அதில் உண்டு. நேரடிப் பயன்பாட்டுக்கு மட்டும் அது கூடாது. என்டர்பிரைஸ் பதிப்பின் பட்டியல் விலை செயலியின் ஒவ்வொரு கருவுக்கும் 7,000 டாலருக்கு மேல் என்பதையும், ஒரு செயலிக்குக் குறைந்தது நான்கு கருக்களுக்கு உரிமம் வாங்கியாக வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சோதனைக்கு நிறுவிய தரவுத்தளத்தை அப்படியே வாடிக்கையாளர் சேவைக்குத் திறந்துவிடுவது எத்தனை பெரிய கடனை ஓசையின்றி ஏற்றிவைக்கிறது என்பது விளங்கும்.

2014 நவம்பரில் அறிமுகமான விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டி பதிப்பு, தனிமனிதர்களுக்கும் மாணவர்களுக்கும் திறமூல ஆக்கங்களுக்கும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. சிறு நிறுவனங்களில் ஒரே நேரத்தில் ஐந்து பேர் வரை அதைப் பயன்படுத்தலாம். 250க்கு மேற்பட்ட கணினிகளோ, ஆண்டுக்கு 10 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட வருவாயோ உள்ள நிறுவனம், வகுப்பறைப் பயிற்சி, கல்வி ஆராய்ச்சி, திறமூல ஆக்கம் முதலிய சில நோக்கங்கள் தவிர வேறெதற்கும் அதைத் தன் பணியாளர்களிடம் கொடுக்கமுடியாது. கல்லூரியில் பழகிய கருவியை இத்தகைய நிறுவனத்தில் புதிதாய்ச் சேர்ந்த பொறியாளர் முதல் நாளே அலுவலகக் கணினியில் இறக்கிக்கொள்வது இயல்பு. மாணவராய் இருந்தபோது பொருந்திய அனுமதி பணியாளரான அன்றே காலாவதியாகிவிட்டது என்று அவருக்குச் சொல்லித்தருவோர் அரிது.

நிறுவனத்தின் அளவைக் கொண்டு கட்டணத்தை நிர்ணயிக்கும் இம்முறை இப்போது பரவலாகிவிட்டது. நிரல்களைச் சிறுசிறு கொள்கலன்களாகக் கட்டி இயக்க உதவும் டாக்கர் டெஸ்க்டாப், 2021 ஆகஸ்ட் 31 வரை எல்லோருக்கும் இலவசமாக இருந்தது. அன்று அறிவிக்கப்பட்ட மாற்றத்தின்படி, 250 பேருக்குக் குறைவான பணியாளர்களும் ஒரு கோடி டாலருக்குக் குறைவான ஆண்டு வருவாயும் ஆகிய இரண்டும் ஒருங்கே பொருந்தும் நிறுவனங்களுக்கே இலவசம் தொடர்ந்தது. மற்றவை 2022 ஜனவரி 31க்குள் கட்டணச் சந்தாவுக்கு மாற வேண்டியதாயிற்று. அடியில் இயங்கும் டாக்கர் எஞ்சின் திறமூல உரிமத்திலேயே நீடிக்கிறது என்பதால், லினக்ஸ் கணினியில் அதை நேரடியாகப் பயன்படுத்துவோரை இம்மாற்றம் தொடவில்லை. தரவு அறிவியலாளர்கள் மிகுதியாகக் கையாளும் அனகோண்டா தொகுப்பும் 2020இல் தன் விதிகளை மாற்றி, 200 பேருக்கு மேல் பணிபுரியும் வணிக நிறுவனங்களைக் கட்டண வட்டத்துக்குள் கொண்டுவந்தது.

இவற்றுள் மிகக் கடுமையானது ஆரக்கிள் நிறுவனத்தின் ஜாவா உரிமம் எனலாம். 2019 ஏப்ரலில் வெளிவந்த உரிம மாற்றத்துக்குப்பின், ஆரக்கிள் வழங்கும் ஜாவா எட்டாம் பதிப்பின் புதிய திருத்தங்களைத் தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் நிரல் உருவாக்கத்துக்கும் இலவசமாகப் பெறலாம் என்றாலும், வணிக நடவடிக்கைகளுக்குச் சந்தா கட்டாயமாயிற்று. 2023 ஜனவரியில் சந்தாவைக் கணக்கிடும் அளவுகோலும் மாறியது: ஜாவாவை எத்தனை பேர் தொடுகிறார்கள் என்று பாராமல், பகுதிநேரத்தாரும் ஒப்பந்தப் பணியாளர்களும் உள்ளிட்ட எல்லாப் பணியாளர்களின் எண்ணிக்கையும் அடிப்படையாக்கப்பட்டது. 999 பேர் வரை உள்ள நிறுவனத்துக்கு ஆளுக்கு மாதம் 15 டாலர் என்பது அறிவிக்கப்பட்ட பட்டியல் விலை. அதன்படி 500 பேர் உள்ள நிறுவனத்தில் ஒரே ஒரு சேவையகத்தில் அந்த ஜாவா வணிகப் பயன்பாட்டில் இருந்தாலும் ஆண்டுக் கட்டணம் 90,000 டாலர் ஆகிறது. திறமூல வடிவான ஓப்பன்ஜேடிகே அதே ஜாவாவைக் கட்டணமின்றித் தருகிறது என்பதால், எந்த இடத்திலிருந்து இறக்கினோம் என்ற ஒன்றே பெருந்தொகையைத் தீர்மானித்துவிடுகிறது. வர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் இயந்திர மென்பொருளிலும் இதே அமைப்பைக் காணலாம். அதன் அடிப்படைத் தொகுப்பு திறமூலம், உடன் இறக்கும் கூடுதல் வசதித் தொகுப்போ தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் கல்விக்கும் மதிப்பீட்டுக்கும் மட்டுமே இலவசம்.

எல்லா நிறுவனங்களும் ஒரே போக்கில் சென்றுவிடவில்லை. ரெட் ஹேட் நிறுவனம் தன் லினக்ஸை 2016இல் நிரலாளர்களுக்குக் கட்டணமின்றி வழங்கத் தொடங்கியது. அதன் கட்டணமற்ற மறுவடிவான சென்ட்ஓஎஸ் லினக்ஸை நிறுத்தும் அறிவிப்பு எழுப்பிய கடும் எதிர்ப்புக்குப்பின், 2021இல் அச்சந்தாவை 16 கணினிகள் வரை விரித்து, சிறிய அளவிலான நேரடிப் பயன்பாட்டுக்கும் இடமளித்தது. எனினும் அது தனிமனிதருக்கு உரிய சந்தா. பணியாளர் ஒவ்வொருவரும் தம் பெயரில் ஒன்று பெற்று, அவற்றையெல்லாம் கூட்டி அலுவலகத்தின் சேவையகங்களை நடத்துவது அதன் நோக்கத்துக்கு மாறானது.

மீறல் வெளிப்படும் வழிகள் பல. மொத்த உரிம ஒப்பந்தங்களில், விற்பனை நிறுவனம் முன்னறிவிப்புத் தந்து வாடிக்கையாளரின் கணினிகளைத் தணிக்கை செய்யும் உரிமை வழக்கமாக எழுதப்பட்டிருக்கும். மைக்ரோசாப்ட்டின் இத்தகைய ஒப்பந்தங்களில், உரிமமில்லாப் பயன்பாடு 5 விழுக்காட்டை எட்டினால் தணிக்கைச் செலவையும் வாடிக்கையாளரே ஏற்று, விடுபட்ட உரிமங்களை 125 விழுக்காடு விலையில் வாங்கவேண்டும் என்ற விதி இடம்பெற்று வந்திருக்கிறது. சட்டத்தின் பக்கமோ இன்னும் கடுமையானது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்புகளோடு சேர்த்துக் காக்கிறது. அதன் 63பி பிரிவு, உரிமை மீறிய படி என்று அறிந்தே கணினியில் பயன்படுத்துவோருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடந்தருகிறது. குற்றம் புரிந்தது நிறுவனமாயின், அதன் நடத்தைக்குப் பொறுப்பாயிருந்தவர்களும் குற்றவாளிகளாகவே கருதப்படுவர் என்று 69ஆம் பிரிவு கூறுகிறது. முறையாகப் பெற்ற படியைக் காப்புக்காக நகலெடுப்பது, நிரலின் இயக்கத்தை ஆராய்ந்து அறிவது முதலியவற்றை 52ஆம் பிரிவு விலக்கிவைத்திருப்பது உண்மையே. ஆனால் அவ்விலக்குகள் எவையும் நிரலாளர் சந்தாவை அன்றாட அலுவலக வேலைக்கு நீட்டித்துத் தருவதில்லை.

உரிமங்களை வகுக்கும் பெருநிறுவனங்களின்மேல் நியாயமான குறை உண்டு. ஒரே மென்பொருளின் நிபந்தனைகள் பல ஆவணங்களில் சிதறிக் கிடக்கின்றன, ஆண்டுதோறும் திருத்தப்படுகின்றன, சட்டம் பயிலாத பொறியாளர் படித்து விளங்கிக்கொள்ளும் நடையில் அவை எழுதப்படுவதில்லை. இறக்கிக்கொள்ளும் பக்கத்திலேயே, பணியாளர் எண்ணிக்கை இவ்வளவுக்கு மேற்பட்டால் கட்டணம் உண்டு என்று பெரிய எழுத்தில் அறிவிப்பது அவர்களால் இயலாத காரியமன்று. ஆயினும் முதற்பொறுப்பு வேலை தருவோரையே சேரும். கணினியை எந்த இயங்குதளத்தோடு வாங்குவது, எத்தனை சந்தாக்களுக்குப் பணம் ஒதுக்குவது, சோதனைச் சேவையகத்தை எப்போது களத்தில் இறக்குவது ஆகிய முடிவுகளை எடுப்பவர்கள் அவர்களே. அம்முடிவுகளின் விளைவைத் தணிக்கை நாளில் இளம் பொறியாளர் ஒருவரின் கவனக்குறைவாகக் காட்டுவது நேர்மையாகாது.

செய்யவேண்டியவை பெரும்பாலும் எளியவை. பணியாளர்களின் மேசைக்குச் செல்லும் ஒவ்வொரு கணினியையும் சாதாரண விண்டோஸ் உரிமத்துடனோ, கட்டணமற்ற லினக்ஸுடனோ வாங்குவதும், சந்தாவின் இயங்குதளங்களைச் சோதனைக்கென்றே ஒதுக்கிய கணினிகளிலும் மெய்நிகர் இயந்திரங்களிலும் மட்டும் நிறுவுவதும், எந்தத் திறவு எண் எந்தக் கணினியில் யார் பெயரில் உள்ளது என்று பதிவேடு வைப்பதும், புதிதாகச் சேர்வோருக்கு முதல் வாரத்திலேயே இவ்விதிகளைத் தமிழிலோ அவர்களுக்குப் புரியும் மொழியிலோ விளக்குவதும் எந்தச் சிறு நிறுவனத்தாலும் இயலும். இலவசக் கருவியை அலுவலகக் கணினியில் இறக்குமுன், நிறுவனத்தின் பணியாளர் எண்ணிக்கைக்கும் வருவாய்க்கும் அக்கருவியின் உரிமம் பொருந்துகிறதா என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே விடை பெற்றுக்கொள்ளும் வழக்கத்தை ஒவ்வொரு நிரலாளரும் இன்றே தொடங்கவேண்டும்.